முயலுக்கு உப்பளம் இருக்கா?

என் தங்கை மகள் சென்னையில் கணினியில் கார்ட்டூன் படம் செய்யும் கம்பெனியில் வேலை பார்க்கிறாள். அங்கே இருக்கிற பிள்ளைகளுக்குக் கையால் வரைந்து படம் எடுத்த ஆளை ஒரு தடவை நேரில் பார்க்க வேண்டுமாம். போன மாதம் கூப்பிட்டிருந்தார்கள். குளிரூட்டிய அறையில் உட்கார வைத்துத் தேநீர் கொடுத்தார்கள். ஒரு பெண் முதல் கேள்வியைக் கேட்டாள்.

"மேடம், ஒண்ணு தப்பா வரைஞ்சிட்டா எப்படி அன்டூ பண்ணுவீங்க?"

"ஈரத் துணியால" என்றேன்.

எல்லோரும் சிரித்தார்கள். நான் சிரிப்புக்காகச் சொல்லவில்லை. அன்றைக்குச் சொல்ல ஆரம்பித்து, சாப்பாட்டு மணி ஆகிவிட்டதால் பாதியில் விட்ட கதையை இங்கே முழுதாக எழுதிவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

எனக்குச் சொந்த ஊர் ஆழ்வார்திருநகரி. அப்பா டிராயிங் மாஸ்டர். தூத்துக்குடி மில்லர்புரத்தில் சித்தி வீட்டில் தங்கி டிராயிங் ஹையர் பரீட்சை எழுதி முடித்த கையோடு ரொசாரியோ சாரின் ஸ்டூடியோவில் சேர்ந்தேன். ஸ்டூடியோ என்றதும் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். துறைமுகத்துக்குப் போகிற வழியில் ஒரு பழைய உப்புக் கிடங்கு. அதற்குள் ஒரு கேமரா மேஜை, நான்கு சாய்வு மேஜைகள், ஒரு தொட்டி. சினிமாக் கொட்டகைகளில் இடைவேளையில் காட்டும் விளம்பரப் படங்களை அங்கே வரைந்து எடுத்தோம். தீப்பெட்டி நடக்கும், அப்பளம் பாடும், கோலி சோடா பல் விளக்கும்.

என் பயிற்சிக் காலத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். கழுவினேன். அனிமேட்டர் சூசை அண்ணன் பென்சிலால் தாளில் வரைவார். அதன் மேல் கண்ணாடி போன்ற ஒரு பிளாஸ்டிக் தகட்டை வைத்து, கோட்டை மட்டும் மையால் எடுக்க வேண்டும். பிறகு தகட்டைத் திருப்பிப் போட்டுப் பின்பக்கத்தில் வண்ணம் பூச வேண்டும். அப்போதுதான் முன்பக்கத்துக் கோடு அழியாமல் தெளிவாக நிற்கும். பின்னாலிருந்து பூசுவதால் எல்லாம் தலைகீழ் வரிசை. முதலில் கண்ணின் கருமணி, பிறகு வெள்ளை, கடைசியில் முகம். வேலைக்குச் சேர்ந்த புதிதில் மனிதர்களை முதுகுப் பக்கமிருந்தே நான் தெரிந்துகொண்டேன். திரையில் ஒரு நொடி அசைய இப்படிப் பன்னிரண்டு தகடு வேண்டும். தகடு பம்பாயிலிருந்து வர வேண்டிய பொருள். அதனால் படம் பிடித்து முடிந்ததும் தொட்டியில் போட்டுக் கழுவி, காயவைத்து, மறுபடி வரைவோம். சரியாகக் கழுவாத தகட்டில் தீப்பெட்டிக்காரனின் மீசை மட்டும் தங்கிவிட, அது ஒரு தாய்ப்பால் விளம்பரத்தில் தாயின் உதட்டுக்கு மேல் லேசாகத் தெரிந்து, மூன்று கொட்டகைகளில் ஓடியது. யாரும் புகார் சொல்லவில்லை.

ரொசாரியோ சார் முன்பு சரக்குக் கப்பலில் வயர்லெஸ் ஆபரேட்டராக இருந்தவர். ஒல்லியான மனிதர். எந்நேரமும் இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை. யாரையும் திட்டமாட்டார். "தப்பு" என்ற வார்த்தையே அவர் வாயில் வந்ததில்லை. நான் வரைந்த தகட்டை இரண்டு விரல்களால் ஓரத்தில் பிடித்து, ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கி, தலையைச் சாய்த்து வெகுநேரம் பார்ப்பார். பிறகு புன்னகையோடு, "நல்லாருக்கு வேதா. கடல்ல போட்டிரு" என்பார். கப்பலில் உதவாததையெல்லாம் கடலில்தானே எறிவார்கள். எங்களுக்குக் கடல் என்றால் அந்தத் தொட்டி. "நல்லாருக்கு" என்று ஆரம்பித்தாலே என் கை வாளியைத் தேடும். அவர் ஒன்றும் சொல்லாமல் தகட்டைத் திருப்பிக் கொடுத்தால்தான் பாராட்டு.

கப்பல் பழுதாகி ஐரோப்பாவில் ஒரு துறைமுகத்தில் நின்றபோது, பொழுது போகாமல் அவர் ஒரு அருங்காட்சியகத்துக்குப் போயிருக்கிறார். அச்சு வருவதற்கு முன்னால் மடங்களில் துறவிகள் தோலில் எழுதிய பழைய ஏடுகள் அங்கே இருந்தனவாம். தங்கமும் நீலமுமாகப் படம் போட்டவை. பக்கத்தின் நடுவே ராஜாவும் தேவதூதர்களும் பக்தியாக நிற்பார்கள். ஓரத்தில், கொடியும் பூவும் ஓடுகிற இடத்தில், முயல் வேட்டைக்காரனைத் துரத்தும், நத்தை சண்டைக்கு வரும், குரங்கு வைத்தியம் பார்க்கும். அந்தப் படங்களை அச்சிட்ட ஒரு கனமான புத்தகத்தை வாங்கி வந்திருந்தார். ஒருநாள் அதை என் மேஜையில் விரித்து வைத்தார்.

"வேதா, இதெல்லாம் அசைஞ்சா எப்படி இருக்கும்?"

சூசை அண்ணன் எட்டிப் பார்த்தார். "சார், இதுல மனுசன் கப்பலை விடப் பெருசா இருக்கான். அவன் உள்ள ஏறுனா கப்பலு தாந்துரும்."

"தாழாது. அது ஏட்டுக் கப்பல்" என்றார் சார்.

அப்படித்தான் எங்கள் ஒரே சொந்தப் படம் ஆரம்பித்தது. கதை சாருடையது. கடற்கரை ஊர்க் கோயிலுக்கு மணி கொண்டுவருகிற கப்பல் கவிழ்கிறது. மணியை ஒரு மீன் விழுங்கிவிடுகிறது. அது வாயைத் திறக்கும்போதெல்லாம் மணி அடிக்க, கடலில் ஒருவருக்கும் தூக்கமில்லை. மற்ற மீன்கள் கூட்டம் போட்டு அதைக் கரைக்கு அனுப்புகின்றன. கடைசியில் தினமும் விடியும்போது கரையோரம் வந்து வாயைத் திறந்து ஊரை எழுப்புவது அந்த மீனின் வேலையாகிவிடுகிறது. ஒவ்வொரு காட்சியும் ஏட்டின் ஒரு பக்கம். கீழ் ஓரத்தில், முதல் பக்கம் முதல் கடைசிப் பக்கம் வரை, மணிச் சத்தம் எங்கிருந்து வருகிறது என்று தேடிக்கொண்டு ஒரு முயல் நடக்கும்.

பணம் போட்டவர் கிடங்கின் சொந்தக்காரர் வெயிலுமுத்து அண்ணாச்சி. ஊரைச் சுற்றி அவருக்கு நிறைய உப்பளங்கள். மணி, கோயில், மீன் என்று சார் சொன்னதைக் கேட்டுவிட்டு, "நல்ல காரியம்" என்று சம்மதித்துவிட்டார். வாரம் ஒருமுறை வேட்டி நுனியைத் தூக்கிப் பிடித்தபடி முற்றத்தைக் கடந்து வந்து எட்டிப் பார்ப்பார். நல்லவர். ஆனால் கேலி அவருக்கு ஆகாது. தன்னைப் போலப் பேசிக்காட்டிய கணக்குப்பிள்ளையை அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பினவர் என்று பேச்சு.

மீன் என் பங்குக்கு வந்தது. நான் அதுவரை மீனை ஒழுங்காகப் பார்த்ததில்லை. "மீனுக்குப் பல் உண்டா அண்ணா?" என்று கேட்டேன். சூசை அண்ணன் கடலோடிக் குடும்பம். கொஞ்ச நேரம் என்னைப் பார்த்துவிட்டு, "சார், இந்தப் பிள்ளைய வச்சிக்கிட்டு நாம மீன் படம் எடுக்கோம்" என்றார். மறுநாள் காலை என்னைத் தருவைகுளம் கரைக்கு அழைத்துப் போனார். ஏலம் போடுகிற இடத்தில் கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டு குத்துக்காலிட்டு உட்கார்ந்து, ஒரு பெரிய சீலா மீனை அரைமணி நேரம் உற்றுப் பார்த்தேன். மீன்காரம்மாவுக்குப் பொறுக்கவில்லை.

"ஏளா, வாங்குதியா, இல்ல அதுகிட்ட வழி கேக்கியா?"

திரும்பி வந்து சாரிடம் சொன்னேன். "சார், மீனுக்கு இமையே இல்ல. கண்ணை மூடாது. அப்போ தூக்கம் கெட்டுப்போச்சுன்னு எப்படிக் காட்டுறது?"

சார் புத்தகத்தைப் புரட்டினார். அந்த ஏடுகளில் ராஜாக்கள் தூங்கும்போதும் கிரீடத்தைக் கழற்றுவதில்லை. கட்டிலில், போர்வைக்குள், கிரீடத்தோடு படுத்திருப்பார்கள். அதுதான் வழி. எங்கள் மீன்களெல்லாம் கடலடியில் கட்டில் போட்டு, கழுத்துவரை போர்த்திக்கொண்டு, கண்ணைத் திறந்தபடி தூங்கின. மணி அடித்ததும் போர்வையை உதறின. ஊருக்குப் போனபோது அம்மா, "மீனெல்லாம் வரையறியாமே? ஆத்துக்குள்ள வரச்சே கையை நன்னா அலம்பிண்டு வா" என்றாள்.

அடுத்தது தேன். துறவிகள் வண்ணத்தில் கொஞ்சம் தேன் கலப்பார்கள், காய்ந்தபின் வெடிக்காமல் இருக்கும் என்று அந்தப் புத்தகத்தில் போட்டிருந்தது. எங்கள் வண்ணமும் தகட்டில் வெடித்து உதிர்ந்துகொண்டுதான் இருந்தது. சார் ஒரு பாட்டில் தேன் வாங்கி வந்து சொட்டுச் சொட்டாகக் கலந்தார். வண்ணம் வெடிக்கவில்லை. தூத்துக்குடிக் காற்றில் காயவும் இல்லை. நாங்கள் அப்படியே கேமராவுக்கு அடியில் வைத்து எடுத்தோம். பிலிம் சென்னை லேபுக்குப் போய் வந்தது. சுவரில் ஓட்டிப் பார்த்தால், வானத்தில் பறக்கிற தேவதூதனின் நீல அங்கியில் எறும்புகள் சாரை சாரையாக ஏறிப் போகின்றன. ஒவ்வொரு தகடு மாற்றும்போதும் அவை இடம் மாறியிருந்ததால், திரையில் அவற்றுக்கு வெறி பிடித்த வேகம்.

சார் சூசை அண்ணனைப் பார்த்தார். "படம் பிடிக்கும்போது கண்ணுல படலையா?"

"பட்டுது சார். ஏட்டுல பூச்சி பொட்டு எல்லாம் இருக்கணும்னு நீங்கதான சொன்னிய?"

சார் தலையைச் சாய்த்தார். "நல்லாருக்கு" என்றார். நான் வாளியை எடுத்தேன்.

எறும்பைக் கழுவிவிட்டோம். தங்கத்தைக் கழுவ முடியவில்லை. அந்த ஏடுகளின் உயிரே தங்கம்தான். வானத்துக்கு நீலம் கிடையாது, தங்கம். கோயில் வேலைக்கு ஒட்டுகிற தங்க ரேக்கை சார் வாங்கி வந்து, பின்னணிப் படங்களில் மூச்சைப் பிடித்துக்கொண்டு தானே ஒட்டினார். மேஜையில் பார்த்தால் கண் கூசியது. திரையில் பார்த்தால் கரி. வழவழப்பான தங்கம் கண்ணாடி மாதிரி. இரண்டு பக்கத்து விளக்கு வெளிச்சத்தையும் வேறு பக்கம் திருப்பி அடித்துவிடும், நேர் மேலே இருக்கிற கேமராவுக்கு ஒன்றும் வராது. மோட்சத்தில் மின்சாரம் போன மாதிரி, கன்னங்கரேலென்ற வானத்தில் தேவதூதர்கள் தடவிக்கொண்டு பறந்தார்கள். விளக்கை உயர்த்தினோம், தாழ்த்தினோம், முன்னால் மெல்லிய வேட்டித் துணி கட்டினோம். தங்கத்தின் மேல் மஞ்சள் பூசினோம். மஞ்சள் மஞ்சளாகத்தான் வந்தது, லட்டு மாதிரி. ரேக்கைச் சுரண்டிப் பார்த்தோம். வானத்துக்குச் சொறி பிடித்தாற்போல் ஆயிற்று. சார் சாப்பாட்டை மறந்தார். சட்டை கசங்கியது. அவர் சட்டை கசங்கி நாங்கள் பார்த்தது அந்த வாரம்தான்.

ஒரு மத்தியானம் சூசை அண்ணன் பேக்கரியிலிருந்து முந்திரி மக்ரூன் வாங்கி வந்தார். பொட்டலம் சுற்றியிருந்த மஞ்சள் கண்ணாடிக் காகிதத்தைக் கண்ணில் வைத்துக்கொண்டு விளக்கைப் பார்த்தார். பிறகு, விளக்குக்கு முன்னால் துவண்டு உட்கார்ந்திருந்த சாரைப் பார்த்தார்.

"சார், நீங்க மோட்சத்துக்குப் போய்ட்டிய!"

சார் எழுந்து வந்து காகிதத்தைப் பிடுங்கித் தானும் பார்த்தார். அதன்பின் யாரும் மக்ரூனைத் தொடவில்லை. வெளிச்சத்தை மேலிருந்து அடித்தால்தானே தங்கம் கறுக்கிறது? கீழிருந்து விடுவோம் என்றார். வானம் வருகிற இடத்தையெல்லாம் கறுப்பாகவே விட்டு ஒருமுறை படம் பிடித்தோம். பிலிமைக் கேமராவுக்குள்ளேயே பின்னுக்குச் சுற்றினோம். பிறகு வானத்தின் வடிவத்தில் ஓட்டை வெட்டிய அட்டையை வைத்து, அதன் மேல் மஞ்சள் காகிதத்தைக் கசக்கி விரித்து, மேஜைக்கு அடியிலிருந்து விளக்கைப் போட்டு, அதே பிலிமில் மறுமுறை பிடித்தோம். லேபிலிருந்து வந்ததை ஓட்டினால் வானம் எரிந்தது. காகிதத்தின் கசங்கல்கள் தங்க ரேக்கின் சுருக்கம் மாதிரியே மின்னின. சார் ஒன்றும் சொல்லவில்லை. எழுந்து போய்ச் சட்டையை மாற்றிக்கொண்டு வந்தார். படம் முடியும்வரை வேண்டிய காகிதத்துக்காக எல்லோரும் மக்ரூன் தின்றார்கள். முட்டை சேர்ந்தது என்பதால் நான் தப்பித்தேன். சூசை அண்ணனுக்கு ஒரு கடைவாய்ப் பல் போயிற்று.

இனி முயல்.

ஓரத்து முயலைச் சூசை அண்ணன்தான் வரைந்தார். "நடையைக் கற்பனை பண்ணாத சூசை. யாரையாவது பார்த்து வரை" என்று சார் சொல்லியிருந்தார். வண்ணம் பூசும்போது எனக்கு ஒன்றும் தெரியவில்லை. தனித்தனித் தகட்டில் அது வெறும் முயல். நீளமான பச்சை அங்கி போட்ட முயல். சோதனைத் துண்டுகளில் ஓரத்தை நாங்கள் வைத்ததில்லை. எல்லாம் சேர்ந்து முதல்முறையாகச் சுவரில் ஓடியபோது, இடது கையால் அங்கியின் நுனியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, வலது கையைப் பின்னால் வீசி, வயிறு முன்னே போக முயல் நடந்து வந்தது. கொஞ்ச தூரம் போனதும் நின்றது. யாரோ கூப்பிட்ட மாதிரி திரும்பிப் பார்த்தது. பிறகு நடந்தது.

சார் புரொஜெக்டரை நிறுத்தினார்.

"சூசை, இது யாரு?"

"முயலு சார்."

"முயலுக்கு உப்பளம் இருக்கா?"

சூசை அண்ணன் தலையைக் குனிந்துகொண்டார். "பாத்து வரையச் சொன்னிய. வாரா வாரம் ஜன்னலுக்கு அங்கன அவியதான் நடந்து வந்தாவ."

முயல் படம் முழுக்க நடந்தது. நடுப்படமும் ஓரமும் ஒன்றாகவே பிடிக்கப்பட்டவை. வெட்டி எடுக்க வழியில்லை, திரும்ப எடுக்கப் பிலிமும் இல்லை. அண்ணாச்சி கோபித்துக்கொண்டால் படம் மட்டுமல்ல, தலைக்கு மேல் இருக்கிற கூரையும் போகும். அவரோ, மனைவியோடு வந்து முழுப்படமும் பார்க்கப் போவதாகச் சொல்லி அனுப்பிவிட்டார். சார் யோசித்தார். புரொஜெக்டருக்கு முன்னால் ஒரு முழ தூரத்தில், பிலிம் டப்பாக்களை அடுக்கி, அதில் ஒரு கறுப்பு அட்டையைச் சாய்த்து நிறுத்தினார். வெளிச்சத்தின் கீழ்ப்பகுதி மறைந்தது. திரையில் முயல் நடக்கிற ஓரம் இருட்டுக்குள் போயிற்று.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து சார் நேராக வந்துவிட்டார். ஜன்னல்களுக்குச் சாக்கு கட்டினோம். அண்ணாச்சி முன் நாற்காலியில் உட்கார்ந்தார். பக்கத்தில் அவர் மனைவி, நாங்கள் அக்கா என்று கூப்பிடுகிற சொர்ணத்தக்கா. படம் ஓடியது. கப்பல் கவிழ்ந்தது, மீன் மணியை விழுங்கியது, கட்டிலில் மீன்கள் புரண்டன. அண்ணாச்சி தொடையில் தட்டிச் சிரித்தார். சாரின் தோள்கள் மெல்ல இறங்கின. அப்போது சொர்ணத்தக்கா, "என்ன புழுக்கம், அந்தக் காத்தாடியப் போடுங்களேன்" என்றார். நான் யோசிக்காமல் எழுந்து போய் மேஜை விசிறியைப் போட்டுவிட்டேன்.

அட்டை நடுங்கியது. கொஞ்சம் கொஞ்சமாகச் சரிந்தது. தங்க வானத்துக்குக் கீழே, இருட்டின் விளிம்பில், இரண்டு காதுகள் மட்டும் முளைத்து இடமிருந்து வலமாக நகர்ந்தன.

"அது என்னது ரொசாரியோ, கீழ ரெண்டு காது போவுது?"

"அது... ஓரத்து அலங்காரம் அண்ணாச்சி."

காதுகள் நின்றன. திரும்பின. மறுபடி நடந்தன.

"அலங்காரம் திரும்பிப் பாக்கே?"

அதற்குள் அட்டை பொத்தென்று விழுந்துவிட்டது. பச்சை அங்கியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, வயிற்றை முன்னால் அனுப்பி, முழு முயலும் வெளிச்சத்தில் நடந்தது. சொர்ணத்தக்கா நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டார்.

"ஏங்க! இது நீங்கல்லா!"

நான் சுவரோடு ஒட்டிக்கொண்டேன். சூசை அண்ணன் வாசல் பக்கம் பார்த்தார். படம் முடிந்ததும் அண்ணாச்சி, "இன்னொரு வாட்டி போடு" என்றார். போட்டோம். இம்முறை அவர் மீனைப் பார்க்கவேயில்லை. கீழ் ஓரத்தை மட்டும் பார்த்தார்.

விளக்கைப் போட்டதும் கேட்டார். "யாரு வரைஞ்சது?"

சூசை அண்ணன் முன்னால் வந்தார். "நாந்தான் அண்ணாச்சி."

"நான் இப்படியா திரும்பித் திரும்பிப் பாக்கேன்?"

பொய் சொல்லலாமா என்று அவர் சாரைப் பார்த்தார். சார் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். "ஆமா அண்ணாச்சி. எதுக்குன்னு எனக்குத் தெரியாது. பாத்தத வரைஞ்சேன்."

பதில், அண்ணாச்சியின் அப்பாவைப் பற்றி, சொர்ணத்தக்காவிடமிருந்து வந்தது. "இவிய அய்யாவுக்கு உப்பளத்து வெளிச்சத்துல கண்ணு போச்சுல்லா. சின்னப் பிள்ளையில இவியதான் முன்ன நடந்து வேலைக்குக் கூட்டிட்டுப் போவாவ. பின்னால வாராவளா, வரப்ப விட்டு எறங்கிட்டாவளான்னு பாத்துக்கிட்டே போறது. அய்யா போயி எத்தன வருசமாச்சு! இவியளுக்குக் கழுத்து இன்னும் திரும்புது."

"எனக்கே தெரியாதுளா" என்றார் அண்ணாச்சி. துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். விசிறி ஓடிக்கொண்டுதான் இருந்தது. பிறகு சூசை அண்ணனிடம் திரும்பினார்.

"ஏலே, அது அத்தன தடவ திரும்பிப் பாக்கு. பின்னால ஒருத்தரும் வரலையே. பாக்கவன் என்ன நினைப்பான், லூசுப்பய முயலுன்னுல்லா நினைப்பான்? கடைசிப் பக்கத்துல மட்டும் ஒரு கெழட்டு முயல விடு. பிலிமுக்கு நான் சொல்லிக்கிடுதேன்."

படத்தின் கதையை முதலில் முடித்துவிடுகிறேன். எங்கள் கரையோர ஊர்களில் அது நிறைய ஓடியது. குலசேகரன்பட்டினத்தில் தசராவுக்கு வேஷம் கட்டி வந்த கூட்டம், குரங்கும் கரடியும் காளியுமாக மணலில் உட்கார்ந்து பார்த்தது. வெளிநாட்டு விழா ஒன்றுக்கு அனுப்பினோம். பெட்டி திரும்பி வந்தது, கூடவே ஒரு பாராட்டுத் தாள். தங்கத்தை எப்படிப் பிடித்தீர்கள் என்று அதன் கீழே கையால் எழுதிக் கேட்டிருந்தார்கள். மக்ரூன் என்று எழுத சாருக்குக் கூச்சமாக இருந்ததால் பதில் போகவில்லை.

கடைசிப் பக்கம் எடுத்த கதை இது. சூசை அண்ணன் கிழட்டு முயலை வரைந்து காட்டினார். அண்ணாச்சி பார்த்துவிட்டு, "நடை சரியில்ல. அய்யா இப்படியா வருவாவ?" என்றார். எப்படி வருவார் என்று சொல்லத் தெரியவில்லை. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கிடங்கின் நடுவில் வந்து நின்றார். "நான் நடக்கேன். நீ பாத்து வரை." முன்னால் போவதற்கு ஒரு ஆள் வேண்டும். சூசை அண்ணன் கையில் பென்சில். சார் எப்போதும்போல மேற்பார்வை. என்னைக் கையைக் காட்டி அழைத்தார்கள்.

அப்படியாக நான் வெயிலுமுத்து அண்ணாச்சியாக நடந்தேன். புடவை நுனியை இடது கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டேன். சிரிப்பு முட்டியது. கொஞ்சம் நடந்து திரும்பிப் பார்த்தேன். சிரிப்பு நின்றுவிட்டது. அந்தப் பெரிய மனிதர் கண்ணை இறுக மூடிக்கொண்டு, ஒரு கையை முன்னால் நீட்டி, காலால் தரையைத் தடவித் தடவி என் பின்னால் வந்துகொண்டிருந்தார். பென்சில் உரசுகிற சத்தம் மட்டும் கேட்டது. நான் திரும்பி நடந்தேன். மறுபடி பார்த்தேன். அவர் கொஞ்சம் விலகிப் போயிருந்தார். என்ன செய்வதென்று தெரியாமல் நான் மேலே நடந்தேன். கேமரா மேஜையின் இரும்புக் காலில் அவர் முழங்கால் இடித்தது.

"ஏளா!" கண்ணைத் திறக்காமலே அண்ணாச்சி சத்தம் போட்டார். "பாத்தா மட்டும் போதுமா? வாயத் தொறந்து சொல்லணும்லா. 'அய்யா, இந்தப் பக்கம் வாங்க'ன்னு சொல்லு!"

சொன்னேன். அவர் இந்தப் பக்கம் வந்தார்.